தேர்தல் தாளில் தம்பியின் படம்

ஹம்
17.09.2009

அன்பு மகள் சாரங்காவுக்கு,

இங்கே அப்பாவும் தம்பி கவிஷனும் சுகம். அவனுக்குக் கீழ்முரசில் இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது, கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறான். நீ சுகமாயிருக்கிறாயா என்று எப்போதும் எழுதுகிற வரியை இம்முறை எழுதக் கை கூசுகிறது பிள்ளை, உன் சுகத்தைக் கெடுத்தவளே நான்தான் என்று தெரிந்துகொண்டு அதை எப்படிக் கேட்பேன். அப்பா இரவு வேலைக்குப் போய்விட்டார், தம்பி இப்போதுதான் கண்ணயர்ந்தான், நீ தொலைபேசியை எடுக்கிறாய் இல்லை, அதனால் எழுதுகிறேன். கடிதமென்றால் கிழித்துப் போட முன்னர் ஒரு தடவையாவது வாசிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

அந்தத் தேர்தல் துண்டுப்பிரசுரத்தை இங்கேயிருந்து யாரோ உனக்கு அனுப்பியிருக்கிறார்கள், யார் என்று கேட்கமாட்டேன். தம்பியின் படம் நல்லாயிருக்கு அம்மா என்று ஒரேயொரு குறுஞ்செய்தி போட்டாய், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நீ என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் சோறு வடிக்கிறேன், தம்பியைக் குளிப்பாட்டுகிறேன், வேலைக்குப் போகிறேன், மனம் ஓரிடத்தில் நிற்கிறதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அதற்கு மேல் உன் விருப்பம்.

போன மாதக் கடைசியில் எங்கள் தமிழ்ச் சங்கம் இந்தத் தொகுதி வேட்பாளர்கள் இரண்டு பேரை மண்டபத்துக்கு அழைத்திருந்தது. எங்கள் ஆட்களில் கனபேருக்கு இப்போது குடியுரிமை கிடைத்துவிட்டது, வாக்கு இருக்கிறது, ஆகவே வேட்பாளர்களும் சந்தோஷமாக வந்தார்கள். தலைவர் சோதிலிங்கம் அண்ணை என்னைத்தான் மொழிபெயர்க்கச் சொன்னார், பல்கலைக்கழகம் போனவள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி ஒலிவாங்கியைக் கையில் தந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். தம்பி பால் கேட்டு அழுவான் என்று அவனை இடுப்பிலேயே வைத்திருந்தேன். சம்பளம், வீட்டு வாடகை என்று எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்க, யாரோ இந்த வருடம் பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தைக் கேட்டார்கள், வயிற்றுப் பிள்ளைக்குக் குறை என்று தெரிந்தால் மூன்று நாள் யோசித்த பிறகே கலைக்கலாம் என்கிற அந்தச் சட்டம். அந்த இரண்டு பேரில் ஓவர்காம்ப் என்கிறவர் அது போதாது, எல்லாக் கருக்கலைப்பையும் இன்னும் இறுக்க வேண்டும், பெற்றவள் பெயர் சொல்லாமல் பிள்ளையை வைத்துவிட்டுப் போகிற சாளரம் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் வேண்டும், பிறந்த பிள்ளை எதுவும் குப்பையில் கிடக்கக்கூடாது என்றார். கெட்ட மனிதர் இல்லை சாரங்கா, சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது, அவர் சொன்னதில் பாதி எனக்கும் சரியாகத்தான் பட்டது. மற்றவர், ஹார்ட்விக் என்கிற பெண்மணி, கலைக்க முன்னர் கட்டாயம் போக வேண்டிய ஆலோசனை நிலையத்துக் கதிரையில் வந்து இருக்கிற பெண்ணுக்கு யோசிக்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள், அந்தக் கதவைத் தட்ட முன்னரே அவள் எத்தனையோ இரவு யோசித்திருப்பாள் என்றார்.

எனக்கு அந்தக் கதிரை தெரியும். தை மாதம் உனக்குக் கடும் காய்ச்சல் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு நீ படிக்கிற டிரெஸ்டனுக்கு ரயில் ஏறி வந்தேனே, ஏழு மாத வயிற்றோடு. ஆலோசனைக்குப் பதிந்த டேர்மின் அம்மாவுக்கா என்று அங்கிருந்த தாதி என் வயிற்றைப் பார்த்துக் கேட்டதும், இல்லை, எனக்கு என்று நீ நடுங்காமல் சொன்னாய். என் வயிறே உன்னைக் குற்றம் சொல்வதுபோல இருக்குமோ என்று நான் கோட்டால் மூடிக்கொண்டு இருந்தேன். ஹார்ட்விக் சொன்னதைத் தமிழில் சொல்லத் தொடங்கி அரைவாசியோடு நிறுத்திவிட்டேன்.

உடனே சோதிலிங்கம் அண்ணை எழும்பி, உதெல்லாம் வெள்ளையளின்ர வீட்டுக் கூத்து, எங்கட பிள்ளையளுக்கு உது தேவைப்படாது எண்டு அவவுக்கு விளங்கச் சொல்லுங்கோ தங்கச்சி என்றார். சபை கைதட்டியது. அவருடைய மனைவி பவளம் அக்கா முன்வரிசையிலிருந்து என்னைக் காட்டி, மகள் பெற வேண்டிய வயதில தாயெல்லோ பெத்து வைச்சிருக்கிறா, எங்கட ஆக்களுக்கே உதைச் சொல்லுறியள் என்று பகிடி விட்டா. அவவுக்கு ஒன்றும் தெரியாது, பகிடிதான். எல்லோரும் சிரித்தார்கள். யாருக்கோ தெரிந்துவிட்டது என்று ஒரு பயம், அடுத்த சிரிப்பு உன் பெயரோடு வரப்போகிறது என்று. அந்த நேரம் பார்த்து ஓவர்காம்ப் என்னிடம், ஒரு தாயாக நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணை சொன்னதை அண்ணை சொன்னதாகச் சொல்லிவிட்டு நான் ஒதுங்கியிருக்கலாம். நான் என் வாயால், அவர்களுடைய டொச் மொழியில், ஒலிவாங்கியில் சொன்னேன், எங்கள் வீடுகளில் அப்படி நடப்பதில்லை, எங்கள் பெண்பிள்ளைகளை நாங்கள் அப்படி வளர்ப்பதில்லை என்று. யாரும் கேட்காத இரண்டாவது பாதியையும் நானே சேர்த்துச் சொன்னேன். ஹார்ட்விக் என்னைத் திரும்பிப் பார்த்தா. பிறகு ஓவர்காம்ப் தம்பியைத் தூக்கினார், அவருடைய கோட்டில் இவன் எச்சில் வடித்தான், படம் எடுத்தார்கள். படத்துக்குக் கீழே என் வாக்கியத்தையும் போட்டு வீடு வீடாகத் தபால்பெட்டியில் போட்டுவிட்டார்கள். அண்ணைதான் சங்கத்தின் பெயரில் சம்மதம் கொடுத்தாராம், எனக்கு வலு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தாராம்.

உன் செய்தி வந்த மறுநாள் தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓவர்காம்பின் தேர்தல் அலுவலகத்துக்குப் போய், அந்தத் தாளை நிறுத்தச் சொன்னேன். அங்கிருந்த பெண்பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும், காரணம் என்ன என்று மரியாதையாகக் கேட்டாள். நான் சொன்னது உண்மையில்லை என்றேன். அவள் என்னையும் தம்பியையும் பார்த்துவிட்டு, மிச்சத்தை இனிக் கொடுக்கமாட்டோம் என்றாள். போட்டது போட்டதுதான், அதை எந்தப் பெட்டியிலிருந்து போய் நான் எடுப்பது.

அதோடு முடியவில்லை. நேற்றுப் பின்னேரம் சோதிலிங்கம் அண்ணையும் பவளம் அக்காவும் வீட்டுக்கு வந்தார்கள். எங்கட சனத்தின்ர முகம் முதன்முதலா ஒரு தேர்தல் பேப்பரில வந்திருக்கு, அதைப் போய் நிப்பாட்டிப் போட்டியளே தங்கச்சி, ஏன் என்று அண்ணை கேட்டார். அப்பாவும் பக்கத்தில் இருந்தார். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு, அண்டைக்கு நான் சொன்னது பொய் அண்ணை, எங்கட வீடுகளிலயும் நடக்கும் என்றேன். ஆரின்ர வீட்டில என்று கேட்டார். இந்த வீட்டில என்றேன். உன் பெயர் என் வாயில் வரவில்லை, வராது. அவர்கள் இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள், என்னைப் பற்றித்தான் நான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. பவளம் அக்கா தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினா.

அவர்கள் போன பிறகு அப்பா எப்ப என்று ஒரு சொல் கேட்டார். இப்ப கேக்காதேங்கோ என்றேன். அவரும் என்னைத்தான் நினைக்கிறார், தனக்குச் சொல்லாமல் நான் ஏதோ செய்துவிட்டேன் என்று. இன்றைக்குத் தம்பிக்குப் பால் சூடாக்கித் தந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவரிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன்னுடையது, எந்தக் காலத்திலும் நான் உன்னைக் கேட்கமாட்டேன். என் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டு அவசரத்தில் ஒன்றும் செய்துவிடாதே.

இதையெல்லாம் எழுதி உன்னிடம் மன்னிப்பு வாங்கப் பார்க்கிறேன் என்று நினையாதே பிள்ளை. நூறு பேருக்கு முன்னால் சொன்ன பொய்யை என் வீட்டுக் குசினியில் மூன்று பேருக்கு முன்னால் திருத்தியிருக்கிறேன், அவ்வளவுதான், அதுவும் போதாதென்று எனக்குத் தெரியும். உன்னை நான் எப்படி வளர்த்தேன் என்று இனி யாரும் கேட்டால், ஆலோசனை அறையில் தாயை வெளியே இருக்கச் சொன்னபோது என் கையை ஒருமுறை அமத்திவிட்டுத் தனியாக உள்ளே போனவளாக வளர்த்தேன் என்று மனதுக்குள்ளாவது சொல்லிக்கொள்வேன். அன்றைக்கு எனக்கு உன்னைப் பற்றி வெட்கம் இருக்கவில்லை. எனக்கு வெட்கம் வந்தது மண்டபத்தில், அதுவும் உன்னால் இல்லை.

குளிர் தொடங்குகிறது, நெஞ்சை மூடிக்கொண்டு போ, காலையில் வெறும் கோப்பியோடு விரிவுரைக்கு ஓடாதே. நீ என்றைக்கும் நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். தொலைபேசி எடுத்தால் என்னோடு கதைக்க வேண்டுமென்றில்லை. தம்பியிட்டக் குடுங்கோ என்று சொல், நான் அதை அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பேன்.

உன்
அம்மா