காதுக்காரன்

செவ்வாய், 4 நவம்பர்
மழை. காற்று பக்கவாட்டில். குடை முறிந்தது.

செய்ய வேண்டியவை: கண் டொக்டருக்கு நேரம் எடுக்க. மரக்கறி. ஞாயிற்றுக்கிழமைச் சேலையை அயர்ன் பண்ண. மெட்டெ ஏன் அவசரமாக வரச்சொன்னாள் என்று பார்க்க.

பார்த்தாயிற்று.

மெட்டெ மியூசியத்தில் பழைய பொருட்களைப் பழுதுபார்க்கிறவள். கிரேக்க அறையைப் புதிதாக்குகிறார்கள். அதனால் ஒவ்வொரு கோப்பையாகப் புறஊதாக்கதிர் விளக்கின் கீழ் வைத்துப் பார்க்கிறாள். பிற்காலத்தில் பூசிய வர்ணம் அந்த வெளிச்சத்தில் ஒளிரும், பழையது மங்கலாகக் கிடக்கும். என்னை இருட்டறைக்குள் கூட்டிப்போனாள். மேசையில் என் கோப்பை, நான் புத்தகம் எழுதிய கோப்பை. அதில் வரைந்திருப்பது தண்ணீர்த் தொட்டியருகே நிற்கும் பெண். உடம்பு மங்கல். முகம் மங்கல். காது மட்டும் பால்மஞ்சளாக.

"இதை நீ எப்போதாவது விளக்கில் வைத்தாயா?"

"இல்லை."

மெட்டெ விளக்கை அணைத்தாள்.

இரவுக்குப் புட்டு, மீன்குழம்பு. உப்புப் போட்டேனா என்று தெரியாமலே சாப்பிட்டேன்.

புதன், 5
மழை விடவில்லை. வெளியே போகவில்லை. எனக்கே விளங்கட்டும் என்று எழுதுகிறேன்.

கிரேக்கக் கோப்பைகளில் ஓவியர்கள் பெரும்பாலும் பெயர் போடுவதில்லை. யார் வரைந்தது என்று கண்டுபிடிக்க நாங்கள் பார்ப்பது காது, கணுக்கால், விரல்நகம். முகத்தைக் கவனித்து வரைவார்கள். காதைக் கை தன்பாட்டில் போடும். இந்தக் கோப்பையில் காதின் உள்மடல் கொக்கிபோல் வளையும். அதை வைத்து ஒரு ஓவியனைக் கண்டுபிடித்தேன். பெயர் வைத்தேன். இன்னும் ஒன்பது கோப்பைகளை அவன் பேரில் எழுதினேன். கலாநிதிப் பட்டம், புத்தகம், பேராசிரியர் பதவி, எல்லாம் அவன் தந்தது. வீட்டில் அவனுக்குப் பெயர் காதுக்காரன்.

மற்ற ஒன்பதையும் விளக்கில் வைத்தேன். ரோம், ஏதென்ஸ், எங்கே போனாலும். இதை மட்டும் வைக்கவில்லை.

ஏன்? அகதியாக வந்த முதல் நாலு வருடம் அந்த மியூசியத்தில் துப்புரவு வேலை. காலை ஆறு மணிக்கு இந்தக் கோப்பை இருந்த பெட்டியின் கண்ணாடியைத் துடைப்பேன். துடைக்கத் துடைக்க அந்தக் காதைப் பார்ப்பேன். அதைப் பார்த்துத்தான் படிக்கவே போனேன். வீட்டு ஆளிடம் யாராவது அடையாள அட்டை கேட்பார்களா? முன்வாசலால் வந்தவர்கள் முதல் நாளே விளக்கைத் தூக்கியிருப்பார்கள். இந்தப் பிழையை நான் மட்டும்தான் விட்டிருக்க முடியும்.

புத்தகம் வந்தபோது ஒரு ஜெர்மன்காரர் எழுதினார்: ஒன்பதும் அந்தக் காதுக்குக் கிட்ட வருகின்றன, ஒன்றுக்கொன்று கிட்ட வரவில்லை. கறுப்பி, அதுவும் பெண், அந்த எரிச்சல் என்று நினைத்தேன். சில பேர் விஷயத்தில் அது உண்மை. அவர் விஷயத்தில் இல்லை.

வெட்கமாக இருக்கிறது.

வியாழன், 6
மெட்டெ போன். புது அறைக்கான நூல் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறதாம். கோப்பை பற்றிய குறிப்பு நான் எழுதியது.

"உன் குறிப்பு அப்படியே போகலாம். என் அறிக்கையில் காது பழுதுபார்க்கப்பட்டது என்று ஒரு வரி. அதை யாரும் வாசிப்பதில்லை."

இரக்கப்படுகிறாள். அதுதான் கோபம் வந்தது.

இவரிடம் சொன்னேன். மீன் பதனிடும் தொழிற்சாலையில் நின்று நின்றே என்னைப் படிக்கவைத்த மனிதர். டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"அப்ப உம்மட காதுக்காரன் இல்லையோ?"

"இல்லை."

"ஒருக்காலும் இருக்கேல்லையோ?"

"இருக்கேல்லை."

கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு: "ஞாயிற்றுக்கிழமை முடியட்டும். சனம் மண்டபம் எல்லாம் எடுத்துப்போட்டுது."

ஹ்விடோவ்ரேயில் தமிழ்ச் சங்கம் எனக்குப் பொன்னாடை போர்த்துகிறது. இந்தத் துறையில் முதல் தமிழ்ப் பெண் என்று.

மகள் ஒடென்சேயில் தாதி. போனில் சொன்னேன். வழக்கம்போல் டேனிஷில் பதில்: "அம்மா, அது வெறும் காது." பிறகு, "நீ அழுகிறாயா?"

இல்லை என்றேன்.

சனி, 8
வெயில். குளிர்.

ஒன்பது கோப்பைகளின் வரைபடங்களையும் மேசையில் பரப்பினேன். அந்தக் காதை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தேன். நாலு ஒருவன் கை. மூன்று இன்னொருவன். இரண்டு யாரோ. அரை மணித்தியாலம்தான் எடுத்தது. காதுக்காரனுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

பால், குளியலறை பல்ப், இவருடைய மருந்துக் குளிசை.

ஞாயிறு, 9
மூடுபனி.

பாடசாலை மண்டபம். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. ஒரு பக்கம் என் முகம். மறு பக்கம், முகத்தைவிடப் பெரிதாக, காது. என் புத்தக அட்டையிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

தலைவர்: "எங்கட பிள்ளையள் டொக்டர், எஞ்சினியர் எண்டுதான் நிக்குதுகள். அக்காவைப் பாருங்கோ. வாளியும் துணியுமாப் போன இடத்துக்குப் பேராசிரியரா போனவ."

கைதட்டல். ஒலிவாங்கியைத் தந்தார்கள். சொன்னேன்.

"உதில தெரியிற காது பொய். எப்பவோ ஒரு பழுதுபார்க்கிறவன் கீறினது. நான் கண்டுபிடிச்ச ஓவியன் எண்டு ஒருத்தன் இல்லை. நான் பிழை விட்டிட்டன். ஒரு பெண்பிள்ளை விளக்கில வச்சுக் கண்டுபிடிச்சவ."

முன் வரிசையில் இவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும், எழுந்து நின்று.

"இதைத்தான் சொல்லுறது தன்னடக்கம் எண்டு," என்றார் தலைவர். பொன்னாடையைப் போர்த்தினார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

வடை வரிசையில் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். "அதுக்கென்ன அக்கா. வடிவாத்தானே கீறியிருக்கு."

காரில் இவர், சிவப்பு விளக்கில் நின்றபோது: "சொன்னது சரி." அவ்வளவுதான்.

திங்கள், 10
மழை இல்லை. காற்றும் இல்லை.

7.40 மியூசியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். என் குறிப்பை எடுத்துவிட்டுப் போட வேண்டியது: ஓவியர் தெரியவில்லை.

10.15 நன்றி என்று பதில். ஒரு வரி.

பகல் மியூசியம். பொய்யான பூச்சை எடுத்துவிட்டே கோப்பையைக் காட்சிக்கு வைப்பார்களாம். மெட்டெ குச்சியில் பஞ்சு சுற்றித் திரவத்தில் நனைத்தாள். எதையோ யோசித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"மெதுவாக. வட்டமாக."

எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த மியூசியத்தில் நான் முதலில் செய்த வேலை அதுதான். மூன்றாவது பஞ்சில் கொக்கி போனது. ஐந்தாவதில் மடல். பஞ்செல்லாம் செம்மண் நிறம். அடியில், உடைந்துபோன இடத்தை அடைத்த வெள்ளைச் சாந்து, வழவழப்பாக. அந்தச் சாந்தில் ஒருபோதும் பழைய காது இருந்ததில்லை.

அந்தப் பெண் தொட்டியருகே அப்படியே நிற்கிறாள். காது இல்லாமல்.

வெளியே வரும்போது வெறும் பெட்டி. அதன் கண்ணாடியில் யாருடையதோ விரல் அடையாளம். சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு வந்தேன்.