சூப்பானின் கழுத்தில் மூன்று சுற்று

கார்கிவ்
14 அக்டோபர் 1979

அன்புள்ள லெவ்கோ,

உன் வீட்டில் ஹான்னாவும் குழந்தையும் நலம். முட்டைக்கோஸ் ஊறப்போட்டாயிற்று. உருளைக்கிழங்கு மூட்டைகளை நான்தான் நிலவறையில் இறக்கிவைத்தேன். உன் சிறை முகாமில் அதற்குள் பனி விழுந்துவிட்டதாமே. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன்.

சென்ற வாரம், அந்தக் கம்பியில் பறக்கும் மாதிரி விமானச் சண்டையில் அடிபட்ட யூகிமைப் பார்த்தேன். இடது கண் போனது போனதுதான். தாடையில் கம்பி இருப்பதால் ரொட்டியைச் சூப்பில் நனைத்துத்தான் தின்கிறான். "வட்டத்துக்குள்ள லெவ்கோ மிருகம்தான்யா. ஆனா வேணும்னே கைப்பிடியை விடுற ஆளா? எனக்கே புரியல மத்வி," என்றான். நான் அவன் சூப்புக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

அன்று ஆட்டத்துக்கு முன் நீ எதிராளி சகாரிடம், "இன்னிக்கு உன் விமானத்தோட வால் காகிதத்த மட்டும் இல்லடா, உன் மூக்கையும் சேர்த்து அறுக்கறேன்," என்றாய். "மொதல்ல உன் இன்ஜின ஒழுங்கா கத்த வை," என்று அவன் சிரித்தான். அவன் சொன்னது சரி. விமானத்தின் கம்பிகளைப் பிடிக்கும் கைப்பிடியையும், அது கைநழுவிப் போகாமல் காக்கும் மணிக்கட்டுக் கயிற்றையும் நடுவர் இழுத்துப் பார்த்துவிட்டுப் போன பிறகு, தொட்டிக்குப் பதிலாக எரிபொருள் அடைத்திருந்த குழந்தை ரப்பர் சூப்பான் கழுத்தருகே கசிந்தது. எரிபொருள் போதாமல் இன்ஜின் சூடேறி அலறியது. எரிபொருளைக் கூட்டும் ஊசித் திருகைத் திறந்தும் அடங்கவில்லை. ஆட்டம் தொடங்க ஒரு நிமிடம்தான் இருந்தது. கட்ட நூல் இல்லை. நீ விமானத்தைப் பிடித்திருந்தாய். நான் வட்டத்தின் நடுவுக்கு ஓடி, உன் கைப்பிடியிலிருந்த மணிக்கட்டுக் கயிற்றைக் கத்தியால் அறுத்து வந்து, சூப்பானின் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினேன். திருகைக் கால் சுற்று மூடினேன். இன்ஜின் சுத்தமாகப் பாடியது. அந்தச் சத்தத்துக்காக நான் சிரித்தேன், லெவ்கோ.

நடுவுக்குப் போனதும் நீ வெறும் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, "கயிறு எங்கடா?" என்று கத்தினாய். "அதெல்லாம் வேணாம், கெட்டியா புடி!" என்றேன்.

நான்காவது நிமிடத்தில் உங்கள் கம்பிகள் சிக்கின. சகார் முழு பலத்தோடு வெட்டி இழுத்தான். கைப்பிடி உன் உள்ளங்கைத் தோலோடு பிய்ந்து போயிற்று. விமானம் பதினாறு மீட்டர் எஃகுக் கம்பியை இழுத்துக்கொண்டு, வட்டத்துக்கு வெளியே நின்ற அவன் மெக்கானிக் யூகிமின் முகத்தில் பாய்ந்தது. விசிறி கன்னத்தில் நுழைந்து கண் வரை கிழித்த பிறகே இன்ஜின் நின்றது. சகார் தன் கைப்பிடியால் உன் மண்டையை உடைத்தான். நீ அவனைத் தரையில் தள்ளி விலா எலும்பில் மிதித்தாய். பிடித்து இழுத்த என் வாயில் குத்தினாய். ஒரு பல் போயிற்று. கயிற்றுக்கான தண்டனை அதுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் கைப்பிடியைத் தூக்கி, கத்தி பட்ட கயிற்று நுனியைக் காட்டினார். நீயே திட்டமிட்டு அறுத்தாய் என்றார். சகாரிடம் நீ சொன்னதையும் படித்தார். நீ என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "கை வழுக்கிருச்சு," என்று மட்டும் சொன்னாய். நான் தரையைப் பார்த்தேன். உனக்கு மூன்று ஆண்டுகள்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் முகாம் அதிகாரி படிப்பார். படிக்கட்டும். இதே விவரத்தை இன்று காலை அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நொறுங்கிய விமானம் அவர்கள் கிடங்கில்தான் இருக்கிறது. திறந்தால் சூப்பானின் கழுத்தில் கறுப்புக் கயிறு இருக்கும். அதன் வெட்டு, கைப்பிடியில் தொங்கும் நுனியோடு பொருந்தும்.

உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இன்னொரு முறை கை வழுக்கியது என்று சொல்லிவிடாதே. அந்தக் காலுறையில் ஒரு ஜோடியைக் கையில் போட்டுக்கொள். உன் விரல்கள் குளிரில் கெடாமல் இருக்கட்டும்.

உன் மெக்கானிக்,
மத்வி