டிராக்டர் சீட்டுக்குள் இருந்த புடவை

மச்சான்,

புது ரெக்சின் வாடை இன்னும் போகவில்லை. வெயிலில் நின்ற டிராக்டரில் ஏறி உட்கார்ந்தால் சட்டையிலும் ஒட்டிக்கொள்கிறது. நீ போய்ச் சேர்ந்த பிறகு தண்ணி டேங்கரை நான்தான் ஓட்டுகிறேன். வானகரம் அடுக்குமாடிகளுக்கு இன்னும் நம் வண்டிதான். உன் சீட்டை மாற்றிவிட்டேன். அதை உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பழைய சீட்டில் ஸ்பாஞ்சு தூளாகி, அடித்தகடு தெரிய ஆரம்பித்ததும் கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டினாய். ஹோஸ் பைப்பைச் சுருட்டியபடி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"இன்னா மச்சான், இதுல எப்டி குந்திகினு வர்ற? மாத்திடலாமா?"

"வோணாம் மாமே. மெத்த மாதிரி கீது."

பைபாஸ் பள்ளங்களில் வண்டி தூக்கிப் போடும்போது நான் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு அலறுவேன். நீ அசையாமல் உட்கார்ந்திருப்பாய். உன் இடுப்பு இரும்பு என்றே நினைத்திருந்தேன்.

பூந்தமல்லியில் சீட் தைக்கும் பாய் அந்தச் சாக்கை அறுத்தபோது, உள்ளே பல மடிப்பாக மடித்த கிளிப்பச்சைத் துணி இருந்தது. வேண்டுமா என்று கேட்டார். கந்தல்தானே என்று வாங்கி, கைக்கு அடக்கமாக இருக்கட்டுமென்று துண்டு துண்டாகக் கிழித்து டூல்ஸ் பெட்டியில் திணித்தேன். கிரீஸ் துடைக்க அதுதான்.

போன வாரம் தங்கச்சி, உன் மனைவி, நீ விட்டுப்போன சாப்பாட்டு டப்பாவை வாங்கிப் போக நாம் தண்ணி பிடிக்கிற மோட்டார் ஷெட்டுக்கு வந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டே நலம் விசாரித்தேன். அது என் கையையே பார்த்தது.

"அண்ணா, இந்தத் துணி ஏது?"

"சீட்டுக்குள்ள இருந்துச்சும்மா."

வாங்கி விரித்தது. கரை கறுத்துப்போயிருந்தது.

"எங்கம்மா தலதீவாளிக்கு எடுத்த பொடவ. கிழிஞ்சும் தூக்கிப் போட மனசு வராம பொட்டில வச்சிகினு இருந்தேன். திடீர்னு காணல. அவராண்ட கேட்டா, எலி இழுத்துகினு போயிருக்கும்னாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தது. நீ போனபின் அது சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

"மீதி எங்கண்ணா?"

பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். இரண்டு துண்டுதான் கிடைத்தது. முந்தானைப் பக்கமும் மற்ற துண்டுகளும் இல்லை. ஆயில் ஊறிவிட்டதென்று அவற்றைக் கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தியிருந்தேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டது.

"துவைச்சாவது தர்றேம்மா."

"வோணாண்ணா. நான் பாத்துக்கிறேன்."

கிரீஸ் பட்ட பக்கம் உள்ளே போகும்படி மடித்தது. அதைப் பார்த்து நான் சங்கடப்படக் கூடாது என்றுதான் அப்படி மடித்திருக்க வேண்டும். டப்பாவுக்குள் வைத்து மூடிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இத்தனை வருஷம் உன் பக்கத்திலேயே வந்தவன் நான். எதன்மேல் உட்கார்ந்திருந்தாய் என்பது எனக்குத் தெரியவில்லை. நீயும் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் செய்வேன் என்று நினைத்தாயோ என்னவோ. செய்துதான் இருப்பேன்.

இப்போதெல்லாம் யார் கந்தல் துணியை நீட்டினாலும் உடனே கை துடைப்பதில்லை, மச்சான். ஒரு தடவை விரித்துப் பார்க்கிறேன்.