வெறுங்கழுத்தும் மஞ்சள் கயிறும்

பாளையம்பட்டி
12.2.1994

அன்பு மருமகன் உதயகுமாருக்கு, தாய்மாமன் சோலைச்சாமி எழுதுவது. இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், சூரத்தில் நீயும் சுகமாக இருக்கத் திருமேனிநாதர் துணை.

உன் அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போய் மறுபடியும் தலையைப் படம் எடுத்தோம். நான் பேசிய தோரணையைப் பார்த்துப் பெரிய டாக்டரே எந்தக் காலேஜ் என்று கேட்டார், ஐந்தாம் வகுப்பு என்று சொல்லி அவர் மனதைக் கெடுப்பானேன், சிரித்துவைத்தேன். போன வருசம் வெறும் மறதிதான், வியாதி என்று சொல்வதற்கில்லை என்றவர், இப்போது இரண்டு படத்தையும் வெளிச்சத்தில் சேர்த்துக் காட்டினார். காதுக்கு உள்பக்கம் விரல் தண்டி ஒரு இடம், புதுச் சேதியை வாங்கி வைப்பது அதுதானாம். அன்றைக்கு லேசாக வாடியிருந்தது, இன்றைக்கு மழை காணாத பருத்திக்காயாகச் சுருங்கிக் கிடக்கிறது. பழசு கொஞ்ச காலம் நிற்கும், புதுசு தங்காது, போகப்போக மற்ற இடமும் சுருங்கும் என்றார். திரும்ப விரியாதா ஐயா என்றேன், இல்லை என்று தலையை ஆட்டினார். படம் இரண்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

உன் அப்பா இறந்தது புதுச் சேதி மருமகனே, அதுதான் தங்கவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தாலியைக் காணோம் என்று விறகுக்குள்ளெல்லாம் தேடுகிறாள். பக்கத்து வீட்டிலிருக்கும் உன் அத்தை ஒச்சம்மாளைப் பிடித்து நீதான்டி எடுத்தே என்று ஏச, அவளும் ரோசத்தில், எங்கண்ணன் செத்து வருசம் ஆகப்போகுது, ஒனக்கு ஏது மதினி தாலி என்றுவிட்டாள். அன்றைக்குத்தான் செத்தது மாதிரி உன் அம்மா தெருவில் விழுந்து புரண்டாள். விடிந்ததும் மறுபடி அவுக எங்கே என்றாள். காரியாபட்டிச் சந்தைக்கு என்று சொல்லிவிட்டேன். என் காதோரம் வந்து, தம்பி, அவுக வாரதுக்குள்ள ஒரு மஞ்சக்கயிறு வாங்கியாடா, வெறுங்கழுத்தப் பாத்தா ஒடஞ்சுபோவாக என்றாள். வாங்கிக் கொடுத்தேன். மஞ்சள் துண்டைக் கோத்து அவளே போட்டுக்கொண்டாள், கல்யாணத்தில் மூன்றாம் முடிச்சுப் போட்ட ஒச்சம்மாளே அழுதுகொண்டு வந்து முடிச்சை இறுக்கிவிட்டாள். ஊர் பேசட்டும். பஸ் டயர் வெடித்தது, வத்தல் விலை படியவில்லை என்று தினம் ஒரு சந்தைக் கதை சொல்கிறேன், இந்த ஜில்லாவில் என்னைப்போல் யார் சொல்வார்கள்.

அப்பா ஸ்தானத்தில் இருந்து சொல்கிறேன், பங்குனியில் தலைத்திவசம் வீட்டில் வேண்டாம். நீ நேரே திருச்சுழிக்கு வா, ஆற்றங்கரையில் கொடுத்துவிடுவோம். மொட்டை போடாதே, வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே முகத்தைத் துடைத்துக்கொள். உன் பேரை இன்னும் சொல்கிறாள், தள்ளிப் போடாதே. வேளைக்குச் சாப்பிடு, குலசாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கும். வரும்போது ஒரு முழம் மல்லிகைப்பூ மறக்காமல் வாங்கிவா. யார் கொடுத்தது என்று கேட்பாள், அப்பா குடுத்துவிட்டாக என்று மட்டும் சொல். மற்றதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் மாமா
சோலைச்சாமி