கறுப்புப் பட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

நேற்று எங்கள் மருத்துவமனையில் நர்ஸுகளுக்குப் பேரிடர் பயிற்சி. கட்டடம் இடிந்ததாக வைத்துக்கொண்டு, துப்புரவுத் தொழிலாளிகளை அடிபட்டவர்களாக வாசலில் படுக்க வைத்தார்கள். அதிகாரிகள் யாரும் படுக்கவில்லை. காப்பாற்ற முடிந்தவருக்குச் சிவப்புப் பட்டை, செத்தவருக்குக் கறுப்பு. எங்கள் வார்டைக் கூட்டும் அக்காவுக்கு நான்தான் கறுப்பு கட்டினேன்.

"நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்கக்கா."

"செத்தாலாவது கொஞ்சம் படுக்க விடுறீங்களே!" என்று சிரித்தார்.

பயிற்சி முடிந்ததும் கைதட்டல், போட்டோ, டீ. பாதி டீ குடித்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. ஓடினேன். சுடுகிற சிமெண்டுத் தரையில் அக்கா அப்படியே கிடந்தார்.

"எந்திரிக்கலாமா சிஸ்டர்? இல்ல, இன்னும் செத்துதான் இருக்கேனா?"

கை கொடுத்தேன். உன்னைப் போலவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "டீ இருக்கா?" என்று கேட்டார். தீர்ந்துபோயிருந்தது.

நீ தேய்க்கும் எண்ணெயில் ஒரு பாட்டில் அனுப்பு, அக்காவுக்கு. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. நீ கூட்டுகிற பள்ளிக்கூடத்தில் டீ கொடுக்கும்போது உன்னையும் கூப்பிடுகிறார்களா? மறைக்காமல் எழுது.

உன் மகள்