தகவல் கொடுத்தவரின் பிழை

கடித எண்: 7 / 2025
நாள்: 17 நவம்பர் 2025, திங்கட்கிழமை
நேரம்: முற்பகல் 10.20
இடம்: கிழக்குத் தாம்பரம், சென்னை - 600 059

அன்புள்ள ரூத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் உடல்நலத்துடன் இருக்கிறோம். உன் தங்கை ஏஞ்சலுக்குச் சளி இருந்தது, வெள்ளிக்கிழமையோடு தீர்ந்தது.

2019 ஜூன் 9 அன்று நீ ஒரு பெண் என்று எங்களிடம் சொன்ன பிறகு நான் எழுதிய கடிதங்களில் எல்லாம் "அன்புள்ள பிள்ளைக்கு" என்றே தொடங்கியிருக்கிறேன். சாலமன் என்று எழுதினால் உனக்கு வலிக்கும், ரூத் என்று எழுதினால் எனக்கு வராது என்பதால் கண்டுபிடித்த வழி அது. ஆறு வருடம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். இன்று எழுதிவிட்டேன்.

ஆகஸ்டு 2 முதல் என் எண்ணை நீ உன் கைப்பேசியில் தடுத்து வைத்திருப்பதாக ஏஞ்சல் சொன்னாள். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்று போனேன். செப்டம்பர் 1 முதல் அதை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்களாம். ஆகவே விரைவுத் தபாலில் வருகிறது. கையெழுத்திட்டு வாங்கிக்கொள். படிக்காவிட்டாலும் வாங்கிக்கொள்.

முதலில் ஆகஸ்டு 2-ஐப் பற்றி. அன்று ஏஞ்சலின் நிச்சயதார்த்தம். நீ புனேயிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு, பட்டுச்சேலையைப் பையில் வைத்துக்கொண்டு, தாம்பரம் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினாய். நான் உன்னை அழைத்துப்போக வரவில்லை. திருப்பி அனுப்ப வந்தேன். காலை 6.40 முதல் 7.25 வரை நடைமேடைப் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் சொல்லவில்லை, இன்று வேண்டாம், கல்யாணத்துக்குப் பார்க்கலாம் என்றேன். நீ "சரிப்பா" என்று மட்டும் சொன்னாய். வீட்டுக்கு வந்து, மூத்தவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று நாற்பது பேர் முன்னால் பொய் சொன்னேன்.

இனி இங்கே நடந்தவை. வரிசையாக எழுதுகிறேன்.

ஏஞ்சலின் திருமணம் 2026 ஜனவரி 29, வியாழக்கிழமை. நம் ஆலயத்தில் ஓலை வாசித்துத் திருமணத்தைச் சபைக்கு அறிவிக்கும் ஞாயிறுகள் ஜனவரி 4, 11, 18. திருமணப் பதிவேட்டில் பெண் வீட்டுச் சாட்சியாக நீதான் கையெழுத்திட வேண்டும் என்று அக்டோபர் 26 அன்று ஏஞ்சல் ஆலய நிர்வாகத்தைப் பார்க்கும் குருசேகரக் குழுவுக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தாள். என்னைக் கேட்கவில்லை. குழுவின் செயலாளன் என்ற முறையில் விண்ணப்பத்தை வாங்கி, எண்ணிட்டு, ரசீது கொடுத்தேன். சொந்த மகளுக்கு ரசீது. அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

தடை என்னவென்று உனக்குத் தெரியும். விதி 9. சாட்சி போடுகிறவர் சபைப் பட்டியலில் இருக்க வேண்டும். அவர் பெயரும் பாலினமும் ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான். 2014 குழுத் தேர்தலில் யார் யார் பெயரிலோ நாற்பத்து மூன்று பேர் ஓட்டுப் போட வந்து, ஆலய வாசலில் அடிதடியாகிப் போலீஸ் வந்ததே, அதற்குப் பிறகு ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதற்காக எழுதினேன். ஒரு எறும்பும் நுழைய முடியாதபடி எழுதியிருக்கிறீர்கள் என்று அப்போதைய ஆயர் பாராட்டினார். 2014 ஆகஸ்டு 10 அன்று நிறைவேறியது. திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் தம் பாலினத்தைத் தாமே சொல்லும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதே ஆண்டு ஏப்ரல் 15. இடையில் நூற்றுப் பதினேழு நாட்கள். அந்தத் தீர்ப்பை நாளிதழில் படித்தேன். யாரோ வேறு வீட்டுச் சங்கதி என்று மடித்து வைத்துவிட்டேன். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. பக்கத்து அறையில் இருந்தாய்.

நவம்பர் 9, ஞாயிறு, இரண்டாம் ஆராதனை முடிந்து 11.15-க்குக் குழு கூடியது. ஆயர் தலைமை. அவர் நீங்கலாகப் பதின்மூன்று உறுப்பினர்களில் பதினொருவர் வந்திருந்தோம். ஒருவர் ஊரில் இல்லை. ஒருவர் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டதாகத் தகவல். விண்ணப்பதாரர் என்பதால் ஏஞ்சலுக்கு ஐந்து நிமிடம் தரப்பட்டது. அவள் தாளைப் பார்க்காமல் பேசினாள். "எங்க அக்காவுக்கு ஆதார்ல ரூத்னு இருக்கு, பாஸ்போர்ட்ல ரூத்னு இருக்கு, அவ வேலை பாக்குற ஆஸ்பத்திரியில ரூத்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் அவ வேற ஆளா ஆயிடணுமா?" என்று கேட்டாள்.

பொருளாளர் சுகுமார் எழுந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. வெள்ளத்தின்போது என் மருந்தை இடுப்பளவுத் தண்ணீரில் கொண்டுவந்து கொடுத்தவர். அவர் பேசியதைக் குறிப்பேட்டில் உள்ளபடி தருகிறேன்: "நான் யாரையும் வெறுக்கல சார். கவர்மென்ட் ஆபீஸ்ல என்ன பேரு வேணா எழுதிக்கட்டும். ஆனா சர்ச்சு ஆல்டர் நம்மளுது. வீட்ல நாலு பேர் சேர்ந்து ஜெபம் பண்ணாலே பக்கத்து வீட்டுக்காரன் கம்ப்ளெய்ன்ட் குடுக்குறான். நம்ம நம்பிக்கைப்படி நடக்க இந்த ஒரு கட்டடம்தான் மிச்சம். இங்கயும் வந்து யாரை எப்படிக் கூப்பிடணும்னு சட்டம் சொல்லுமா? அப்ப மத சுதந்திரம்னா என்ன?" அதுவரை பலர் தலையசைத்தார்கள், நானும் முழுவதும் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு குரல் உயர்ந்து, "சரி, வருதுன்னே வெச்சுக்குவோம், அது எந்தப் பக்கம் உட்காரும்? ஆம்பளைங்க பக்கமா, பொம்பளைங்க பக்கமா?" என்றார்.

இரண்டு பேர் சிரித்தார்கள். ஏஞ்சல், "அது இல்ல அங்கிள். அவ. எங்க அம்மா பக்கத்துல உட்காருவா" என்றாள். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வாக்கெடுப்பு. ஆதரவு ஐந்து. எதிர்ப்பு ஐந்து. ரூத், பதினொன்றாவது ஆள் நான். இரண்டு முறையும் என் கை மேசைமேல்தான் இருந்தது. சொந்தப் பிள்ளையின் விஷயத்தில் செயலாளன் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சம வாக்கானால் நடப்பு விதியே நீடிக்கும் என்பது விதி 14. விண்ணப்பம் தள்ளப்பட்டது. அதையும் அழகான கையெழுத்தில் எழுதினேன். என் கையால் தள்ளப்படவில்லை என்று நீ நினைக்கக் கூடாது. தூக்காத கையும் கைதான்.

எல்லோரும் போன பிறகு, ஆலயத்தைக் கூட்டும் கன்னியம்மா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "இன்னா சார், ஊர்ல கீற பத்திரத்துக்கெல்லாம் கையெழுத்து போட்ட கை, பெத்த புள்ளைக்கு ஏந்திரிக்கலியா? சுளுக்கிக்கிச்சா?" என்றாள். "வூட்டுக்குப் போயி சுடுதண்ணி ஒத்தடம் குடு சார்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

வீட்டில் நிலைமை நன்றாக இல்லை. உன் அம்மா சாப்பாடு எடுத்து வைக்கிறாள், பக்கத்தில் உட்காருவதில்லை. "உங்க ரூல்ஸ் புக்கையே தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்குங்க" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். ஏஞ்சல் தன் முடிவைச் சொல்லிவிட்டாள்: "அக்கா கையெழுத்து இல்லேன்னா ஓலையே வாசிக்க வேணாம்ப்பா. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கிறோம்." மாப்பிள்ளை அவள் பக்கம். கோவிலம்பாக்கத்திலிருந்து சம்பந்தி நவம்பர் 11 அன்று வந்தார். அவரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன், ஆகஸ்டு மாதப் பொய் உட்பட. காபியைக் கீழே வைத்தார். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல சம்பந்தி. ஆனா சர்ச்சுல கல்யாணம் நடக்கலேன்னா எங்க அம்மா வரமாட்டாங்க. அவங்களுக்கு எண்பத்தெட்டு வயசு" என்றார். அவ்வளவுதான்.

நவம்பர் 12 மாலை சுகுமார் தொலைபேசியில் அழைத்தார். "வேதம் சார், அந்த ஒரு வார்த்தை வாய் தவறி வந்துடுச்சு. மினிட்ஸ்ல எடுத்துடுங்க, ப்ளீஸ். என் பொண்ணு படிச்சா காறித் துப்புவா" என்றார். அவர் குரலில் உண்மையான வெட்கம் இருந்தது. நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: எழுதியதை அழிக்க முடியாது, பிழை என்று நினைத்தால், சொன்னவரே எழுந்து நின்று, அது என் பிழை என்று பதிவு செய்யலாம்.

அதைச் சொல்லிவிட்டு தொலைபேசியை வைத்தவன், அப்படியே நின்றுவிட்டேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். பத்திரத்தில் பிழை இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போடுவார்கள். அதை வாங்கினவர் தனியாக வந்து போட முடியாது. யார் எழுதிக்கொடுத்தாரோ அவர் வந்து, பிழை என்னுடையது என்று கையெழுத்திட வேண்டும். நீ மட்டும் வந்தால் போதாது, எழுதிக்கொடுத்தவரைக் கூட்டிவா என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! ஆனால் இத்தனை நாளும் நீதான் வந்து கேட்க வேண்டும், நீதான் நிரூபிக்க வேண்டும், குழு முன் நீதான் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தேன். 1995 மார்ச் 5, ஞாயிறு. பெயர் சாலமன். பாலினம் ஆண். தகவல் கொடுத்தவர்: தகப்பன், வேதசிரோமணி. கீழே என் கையெழுத்து. விதி 11 சொல்கிறது: பதிவில் பிழை இருப்பின் தகவல் கொடுத்தவர் திருத்தம் கோரலாம். ஆகவே விண்ணப்பம் என்னுடையது. நீ எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். மருத்துவச் சான்று அனுப்ப வேண்டாம். இங்கே வந்து யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம்.

நவம்பர் 30, ஞாயிறு, என் விண்ணப்பத்தைப் பார்க்கக் குழு மறுபடியும் கூடுகிறது; பதிவு திருந்தினால் விதி 9-இன் தடை விலகும். சுகுமார் நேற்று ஆராதனை முடிந்து என்னை நிறுத்தி, "அன்னிக்குப் பிறந்த குழந்தையை நீங்க பார்த்தீங்கல்ல சார்? கர்த்தர் முன்னாடி பொய் எழுதுவீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கண்டதைத்தான் அன்று எழுதினேன், ஆனால் பிள்ளையை அறியாமல் எழுதினேன், அறிந்த பிறகும் மாற்றாமல் விட்டதுதான் பொய் என்றேன். அவர் கை கொடுக்காமல் போனார்.

நிலவரத்தை மறைக்காமல் சொல்கிறேன். விண்ணப்பதாரர் வாக்களிக்கக் கூடாது என்பது விதி 16. அதுவும் நான் எழுதியதே. கை தூக்கியிருக்க வேண்டிய நாளில் தூக்கவில்லை. தூக்க நினைக்கும் நாளில் எனக்குக் கை கிடையாது. அன்று வராத இருவரில் ஒருவராவது ஆதரித்து, மற்றவர் எதிர்க்காமலாவது இருக்க வேண்டும். ஒருவர் சரி என்றார். மற்றவர், "பார்க்கலாம் சார்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று எழுபத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.

தோற்றால் அன்றே செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிவிடுவேன். சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் அறிவிப்பு வேண்டும். டிசம்பர் முதல் வாரத்திலேயே ஏஞ்சலையும் மாப்பிள்ளையையும் கூட்டிப்போய்க் கொடுத்துவிடுவேன். இடம் எதுவானாலும் நாள் மாறாது. சாட்சியும் மாறாது. எண்பத்தெட்டு வயது அம்மாளை நானே கோவிலம்பாக்கம் போய்க் கேட்டுக்கொள்வேன்.

உன்னை முழுவதும் புரிந்துகொண்டேன் என்று எழுதினால் அது மற்றொரு பொய். ஜெபத்தில் உன் பெயரைச் சொல்லும்போது இன்னும் சில நாள் தடுமாறுகிறேன். எனக்குப் புரிகிற வரைக்கும் நீ நடைமேடையில் காத்திருக்க வேண்டும் என்று நினைத்ததுதான் நான் செய்தது. அதை இனிச் செய்யமாட்டேன்.

ஜனவரி 26 அன்று புறப்படும் ரயிலுக்கு முன்பதிவு நவம்பர் 27 காலை 8 மணிக்குத் திறக்கும். நீ வருவதாக இருந்தால் ஏஞ்சலிடம் ஒரு சொல் சொல், கீழ்ப்படுக்கை எடுத்துவைக்கிறேன். வரும் அன்று நானும் உன் அம்மாவும் நிலையத்தில் இருப்போம். வர மனமில்லை என்றால் அதற்கான காரணத்தை எனக்கு எழுத வேண்டியதில்லை; அது எனக்குத் தெரியும்.

நீ போகும் வழியிலெல்லாம் உன்னை உன் பெயரால் அழைப்பவர்களைக் கர்த்தர் உனக்குத் தரட்டும். அவர்களில் கடைசியாக வந்தவனாக என்னையும் சேர்த்துக்கொள், மகளே.

இப்படிக்கு,
உன் அப்பா,
அ. வேதசிரோமணி

இணைப்புகள்:

1. நவம்பர் 9 குழுக் கூட்டக் குறிப்பு, நகல், 4 பக்கங்கள். மூன்றாம் பக்கத்தில் சுகுமார் பேசியது இருக்கிறது; அதை நீ மறுபடி படிக்க வேண்டாம்.

2. விதி 9, 11, 14, 16, நகல், 2 பக்கங்கள்.

3. பிழைத்திருத்தல் விண்ணப்பம், நகல், 1 பக்கம். காரணம் என்ற இடத்தில், "பிழை தகவல் கொடுத்தவருடையது, பிள்ளையுடையது அல்ல" என்று எழுதியிருக்கிறேன்.

4. திருமண அழைப்பிதழின் அச்சுப்படி, 1. டிசம்பர் 1 காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். மணமகளின் அக்கா என்ற வரியில் உன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார். நாள், நேரம், பெயர்கள் எல்லாம் முடிவானவை. இடம் மட்டும் இன்னும் நிரப்பப்படவில்லை.