பிரவுனியின் சோறும் மாடியம்மாவின் பொங்கலும்

ஜன. 11, ஞாயிறு

பனி. எட்டு மணிக்கும் எதிர்வீடு தெரியவில்லை.

ஞாயிறு என்றால் பிரவுனி சமையல், வாரம் முழுக்கச் சேர்த்து. பாக்கெட் தீனியால் சொறிந்து சொறிந்து முடி கொட்டிய நாய். கால்நடை டாக்டரம்மா அதை நிறுத்தி, வீட்டிலேயே வேகவைத்துப் போடச் சொல்லி ஆறு மாதம். இப்போது முதுகெல்லாம் புது முடி.

இந்த வாரம்:
மாட்டுக்கறி, கொழுப்பு நீக்கி
ஈரல் ஒரு துண்டு (அதிகம் கூடாது)
பரங்கிக்காய், கேரட், பீன்ஸ்
அரிசி, குழைய
முட்டை ஓடு, காயவைத்து மிக்சியில் மாவாக
உப்பு இல்லை. வெங்காயம், பூண்டு இல்லவே இல்லை.

மூன்றாவது விசிலில் மாடியம்மா படியில். வீட்டுக்காரம்மாவுக்கு நான் வைத்த பெயர். மேலே அவர்கள், கீழே நாங்கள் வாடகைக்கு.

"இன்னா ஸ்டெல்லா வேவுது? மார்கழி மாசம், பூஜை ரூம் வரிக்கும் கவுச்சி."

"நாய்க்குக் கோழிக்கா."

"நாய்க்கு எதுக்குமா அதெல்லாம்? தயிர் சோறு போட்டா துன்னாதா?"

கோழி. ஆறு மாதமாகக் கோழி என்றே சொல்கிறேன். எங்களுக்கு மாட்டுக்கறி வேண்டுமென்றால் அச்சரப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறோம். நாய்க்காகத் துணிந்தேன், அதுவும் பொய் சொல்லி. எழுதும்போதே எரிகிறது.

ஜன. 13, செவ்வாய்

கம்பெனி பஸ் லேட். மறைமலைநகர் போய்ச் சேர்ந்ததும் சூப்பர்வைசரிடம் திட்டு. பஸ் ஓட்டியது நானா?

மாலை பிரவுனி தட்டில் பாதி அப்படியே. வயிறு மட்டும் டம் என்று. கேட் ஓரம் தயிர்சோற்றுப் பருக்கை.

கணவர் சேவியரிடம் சொன்னேன். "வுடு ஸ்டெல்லா. ஆசையா போடுறாங்க. காலி பண்ணுன்னா எங்க போவ? நாலு வூடு கேட்டோம், நாலு பேரும் நீங்க இன்னா ஆளுங்கன்னுதான கேட்டான்?"

நானே மாடிக்குப் போனேன். டாக்டர் சொன்னதைத் தவிர எதுவும் போடாதீங்கக்கா என்றேன். "வாயில்லா ஜீவன் பாத்துகினே கீது, எனுக்குத் துன்ன முடியல" என்றார். சரி என்றும் சொன்னார்.

ஜன. 15, வியாழன். பொங்கல்

காலையில் அம்மா வீட்டுக்கு. சேவியர் மாமல்லபுரத்துக்கு வண்டி ஓட்டம். பிரவுனிக்குக் காலைச் சாப்பாடு வைத்துவிட்டுப் போனேன்.

ஐந்து மணிக்குத் திரும்பினால் மாடியம்மா வாசலில், முகமெல்லாம் சிரிப்பு. "உன் நாய் இன்னிக்கு ஒரு குண்டா சக்கரைப் பொங்கல் துன்னுச்சு. எப்டி துன்னுச்சுன்ற!"

ஏழு மணிக்கு வாந்தி. சோறு, முந்திரி, ஊதிப்போன உலர்திராட்சை. எண்ணிக்கொண்டே துடைத்தேன். பதினொன்றுக்கு மேல் எண்ணவில்லை.

திராட்சை நாய்க்கு ஆகவே ஆகாது என்று டாக்டரம்மா முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தார். ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி.

ஜன. 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். அரசு கால்நடை மருத்துவமனைக் கதவில் பூட்டு. ஊரெல்லாம் மாட்டுக்குக் கொம்பில் பெயின்ட், கழுத்தில் மாலை. என் நாய்க்கு டாக்டர் இல்லை.

டாக்டரம்மா ஒருவழியாக எடுத்தார். திருப்போரூரில் அவர் வீட்டிலேயே பார்ப்பதாக. சேவியர் இன்றைய மாமல்லபுரம் ஓட்டத்தை ரத்து செய்தார்.

"வேகவெச்சு என்னென்ன போடுறீங்க?"

"மாட்டுக்கறி, அரிசி, காய்."

தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அந்தச் சொல்லைச் சொல்ல இவ்வளவுதான் ஆகும்.

ரத்தப் பரிசோதனை. கிட்னியில் பாதிப்பு. "மூணு நாள் டிரிப்ஸ். யூரின் போனா பிழைச்சுக்கும்."

ஜன. 18, ஞாயிறு

இரண்டு நாளாக லீவு, டாக்டரம்மா வீட்டிலேயே. பிரவுனி காலில் ஊசி, கட்டு. மூத்திரம் வரவில்லை. காலுக்கடியில் விரித்த துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், காய்ந்தே இருக்கிறது.

துணி மாற்ற வீட்டுக்கு வந்தபோது மாடியம்மா வழிமறித்தார்.

"சாமிக்குப் படைச்சதுமா. அது எப்டி ஒடம்புக்கு ஆவாம பூடும்? நீ போடுற கறிதான் சேரல."

"பொங்கல்ல இருந்த திராட்சைக்கா. டாக்டர் சொன்னாங்க. போடாதீங்கன்னு உங்க வூட்டுக்கே வந்து சொன்னேன். சரின்னீங்க. செத்துச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்."

கத்திவிட்டேன். தெருவே பார்த்தது. அவர் வாய் கோணி, கண் கலங்கி மேலே போனார். பாவமாக இருந்ததா? இல்லை. கொஞ்சம். இல்லை.

சேவியர் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அந்தக் கோபம் தனி.

ஜன. 19, திங்கள்

காலை பத்தேகாலுக்கு டாக்டரம்மா வீட்டுத் தரையில் குளம்போல மூத்திரம். சேவியர் அதிலேயே உட்கார்ந்து அழுதார்.

ஜன. 21, புதன்

வீடு. பிரவுனி எலும்பும் தோலும், ஆனால் வாலை ஆட்டுகிறது. டாக்டரம்மாவின் புதுச் சீட்டு, ஒரு மாதத்துக்கு:

குழைந்த சோறு
முட்டை வெள்ளைக்கரு மட்டும்
பரங்கிக்காய் கொஞ்சம்
கறி, ஈரல், முட்டை ஓடு கிடையாது
தண்ணீர் எப்போதும்

மாடியம்மா வந்தார். பிரவுனியின் தலையைத் தடவினார். அது முகர்ந்து பார்த்து, கையை நக்கியது. அதற்கு என் கோபம் தெரியாது.

"தெரியாம பண்ணிட்டன்மா" என்றார். மனம் இறங்கப் போனேன். அதற்குள், சீட்டில் இருப்பதைக் கேட்டுக்கொண்டு, "பாத்தியா, கறியே வேணான்ட்டாங்க. இனிமே வூட்ல நாத்தம் கீத்தம் இருக்காது" என்றார்.

நாற்றம். சேவியர் காதிலும் விழுந்தது. இந்த முறை அவர் முகம் மாறியது.

ஜன. 25, ஞாயிறு

பனி குறைவு. பிரவுனிக்குச் சோறும் வெள்ளைக்கருவும் ஏழு மணிக்கே ஆயிற்று. முழுத் தட்டும் காலி.

பத்து மணிக்கு சேவியர் கறுப்புக் கவரோடு வந்தார். நான் சொல்லவில்லை. மேடையில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.

இஞ்சி, பூண்டு, மிளகு, உப்பு. எல்லாம் தாராளமாக. சமையலறை ஜன்னல் இரண்டு கதவும் திறந்து.

இரண்டாவது விசிலுக்கே மாடியம்மா படியில். "இன்னா ஸ்டெல்லா, நாய்க்குத்தான் கறி வேணான்ட்டாங்களே?"

"நாய்க்குத்தான்க்கா வேணான்னாங்க. இது மாட்டுக்கறி. எங்களுக்கு."

மூன்றாவது விசில். அடுப்பைக் குறைத்தேன்.